மீன் சந்தையிலிருந்து சட்டசபைக்கு: ஆல்பிரட் ஸ்மித்தின் வாழ்க்கை

அரசியல் என்பது அழுக்குப் பிடித்த காரியம், பக்தியுள்ளவன் அதில் கால் வைக்கலாகாது என்று நம் குடும்பங்களில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பூசை காண்பதும், ஜெபமாலை சொல்லுவதும், பிள்ளைகளை ஞானோபதேசத்துக்கு அனுப்புவதும் நம் கடமை; ஊராளும் காரியத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கிவிடுகிறோம். அப்படி ஒதுங்காத ஒரு கத்தோலிக்கரின் வரலாற்றை இவ்வாரம் நம் பங்குக் குடும்பங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

அவர் குருவல்ல, துறவியுமல்ல. ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்த குடும்பஸ்தர். எட்டாம் வகுப்பைக்கூட முடிக்காதவர். ஆல்பிரட் ஸ்மித் என்பது அவர் பெயர். ஜனங்கள் அன்பாக ஆல் ஸ்மித் என்று அழைத்தார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாகாணச் சட்டசபையில் 12 ஆண்டுகள் அங்கத்தினராகவும், பின்பு நான்கு தடவை அம்மாகாணத்தின் கவர்னராகவும் இருந்து, 1944-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி, ஐந்துகாய அர்ச். பிரான்சீஸ்கு அசிசியார் திருநாளன்று, 70 வயது நிறைந்தவராய் ஆண்டவரிடம் சென்றார்.

துறைமுகத்துப் பையன்

1873-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி, நியூயார்க் நகரில் கப்பல் துறையை ஒட்டிய ஓர் ஏழைத் தெருவில் ஆல்பிரட் பிறந்தார். தகப்பனார் குதிரை வண்டியில் சரக்கு ஏற்றிப் பிழைப்பவர்; அவர் முன்னோர் இத்தாலியிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்தவர்கள். தாயார் அயர்லாந்து வம்சத்தைச் சேர்ந்தவர். அவர்கள் வீட்டுக்கு மேலே தலை நிமிர்த்திப் பார்த்தால், புரூக்ளின் பாலம் நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டிருப்பது தெரியும். 1883-ல் அந்தப் பாலம் திறக்கப்பட்டபோது பையனுக்கு ஒன்பது வயது.

அர்ச். யாகப்பர் கோவில் அவர்களுடைய பங்கு. பங்குப் பள்ளிக்கூடத்தில்தான் அவர் படித்தார். குளிர்காலத்து விடியற்காலையில் இருட்டோடு எழுந்து ஓடிப் பீடத்தில் பூசைக்கு உதவி செய்தார். 1886-ம் ஆண்டு நவம்பர் மாதம் தகப்பனார் இறந்தார். ஆல்பிரட்டுக்குப் பதின்மூன்று வயது நிறைய இன்னும் சில வாரங்கள் இருந்தன. தாயார் அடக்கம் முடிந்த கையோடு, கலியாணத்துக்கு முன் தாம் வேலை செய்த குடைத் தொழிற்சாலையின் மேற்பார்வைக்காரியிடம் போய் மறுபடியும் வேலை கேட்டார். பையன் கொஞ்ச காலம் படிப்பையும் பத்திரிகை விற்பதையும் சேர்த்துப் பார்த்தான். அது போதவில்லை. எட்டாம் வகுப்பு முடியுமுன்பே பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டான்.

பல வேலைகளுக்குப் பின் புல்ட்டன் மீன் சந்தையில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. விடியற்காலை நாலு மணிக்குப் போகவேண்டும். வாரத்துக்கு 12 டாலர் சம்பளம். அதோடு வீட்டுக்கு வேண்டிய மட்டும் மீன். வெள்ளிக்கிழமை சுத்தபோசனத்துக்கு மட்டுமல்ல, மற்ற நாட்களிலும் அந்தக் குடும்பம் மீனே சாப்பிட்டது. பிற்காலத்தில் சட்டசபையில் மற்ற அங்கத்தினர்கள் தாங்கள் பட்டம் பெற்ற சர்வகலாசாலைகளின் பேரைச் சொல்லிப் பெருமைப்பட்டபோது, ஸ்மித் தாமும் ஒரு பட்டதாரி என்றும், தம் கலாசாலை புல்ட்டன் மீன் சந்தை என்றும் சொல்லிச் சிரிக்க வைப்பார்.

பங்கு வாலிபர்கள் கோவில் மண்டபத்தில் நாடகங்கள் நடத்தி, வந்த பணத்தைத் தருமத்துக்குக் கொடுத்து வந்தார்கள். ஸ்மித் அவற்றில் முக்கிய வேடம் போடுவார். பக்கம் பக்கமாய் வசனத்தை மனப்பாடம் செய்யவும், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் விழும்படி பேசவும் அங்கேதான் கற்றார். 1900-ம் ஆண்டு மே மாதம் காதரின் டன் என்னும் பெண்ணை மணந்தார். அவர்களுடைய இல்லற வாழ்க்கை 44 ஆண்டுகள் நீடித்தது.

புரியாத மசோதாக்கள்

ஸ்மித்தின் பேட்டையில் செல்வாக்கு உள்ள கட்சி டாமனி ஹால் என்னும் ஜனநாயகக் கட்சி அமைப்பு. ஏழைக்கு வேலையும், குளிருக்குக் கரியும், சாவு வீட்டுக்கு உதவியும் கொடுத்து ஓட்டு வாங்கும் கூட்டம் அது. லஞ்சத்துக்கும் பேர் போனது. ஸ்மித் அந்த வழியாகத்தான் மேலே வந்தார்; அதை அவர் மறைத்ததுமில்லை. 1903-ம் ஆண்டுத் தேர்தலில் அந்தக் கட்சி அவரை நிறுத்தியது, வென்றார். 1904 ஜனவரியில் மாகாணத் தலைநகரான ஆல்பனிக்குப் போனார். வருஷச் சம்பளம் 1,500 டாலர்.

முதல் நாள் இரவு ஓட்டல் அறையில் அவர் தூங்கவில்லை. சில நாட்களுக்கு முன்புதான் சிகாகோ நகரில் ஒரு நாடகக் கொட்டகை எரிந்து சுமார் 600 பேர் மாண்டிருந்தார்கள். உயரமான ஓட்டல் மாடியில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று அஞ்சி, ஸ்மித்தும் அவருடன் வந்த சிநேகிதரும் விடியும் வரை சீட்டாடிக்கொண்டு விழித்திருந்தார்கள். தீயைக் கண்டு அப்படி அஞ்சிய மனிதர் பின்னால் தீயினின்று ஏழைகளைக் காக்கச் சட்டம் செய்ய நேர்ந்தது தேவ ஏற்பாடு என்றே நமக்குத் தோன்றுகிறது.

சட்டசபையில் முதல் இரண்டு வருஷமும் அவர் ஊமைபோல் இருந்தார். மேஜையில் தினமும் கட்டுக் கட்டாய் மசோதாக்கள் வந்து விழுந்தன. சட்ட பாஷை அவருக்கு விளங்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் தோற்றுப்போனவனாய்த் தெருவுக்குத் திரும்ப மனம் வரவில்லை. மற்றவர்கள் விருந்துக்கும் கூத்துக்கும் போன இரவுகளில், அறையில் உட்கார்ந்து மசோதாக்களை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். ஒரு மசோதா பழைய சட்டம் ஒன்றைக் குறிப்பிட்டால், அந்தச் சட்டத்தையும் தேடி எடுத்து வாசித்தார். வரவு செலவுத் திட்டத்தில் எந்தப் பணம் எங்கே போகிறது என்று வரி வரியாய்ப் பார்த்தார்.

இப்படிச் சில வருஷம் கழிந்தது. அந்த மாகாணத்துச் சர்க்கார் காரியங்களை ஸ்மித்தைப்போல் அறிந்தவர் இல்லை என்று எதிர்க்கட்சியாரே ஒப்புக்கொள்ளும் நிலை வந்தது. 1911-ல் சட்டசபையில் தம் கட்சித் தலைவரானார். 1913-ல் சபாநாயகரானார். வாக்கு வன்மையைவிட வாசிப்பின் பிரயாசையே அவரை உயர்த்தியது.

146 உயிர்கள்

1911-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி சனிக்கிழமை. நியூயார்க் நகரில் பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் மூன்று மாடிகளில் டிரையாங்கிள் என்னும் தையல் தொழிற்சாலை இருந்தது. பெண்கள் அணியும் மேற்சட்டைகளை அங்கே தைத்தார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்த ஏழைப் பெண்கள். இத்தாலியக் கத்தோலிக்கரும் யூதரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தார்கள். பலருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. வேலை முடியும் நேரத்தில் எட்டாம் மாடியில் தீப்பிடித்தது. துணி குவிந்து கிடந்த இடமாகையால் நெருப்பு நிமிஷத்தில் மேலே பாய்ந்தது. ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. வேலைக்காரப் பெண்கள் துணி திருடிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக அப்படிப் பூட்டி வைக்கும் வழக்கம் உண்டு. தீயணைப்புப் படையின் ஏணி ஆறாம் மாடி வரைதான் எட்டியது. ஜன்னலிலிருந்து குதித்தவர்கள் தெருவில் விழுந்து மாண்டார்கள். அரை மணி நேரத்துக்குள் 146 பேர் இறந்துபோனார்கள்.

இறந்தவர்களில் பலர் ஸ்மித்தின் தொகுதியைச் சேர்ந்தவர்கள். அவர் வீடு வீடாய்ப் போனார். பிள்ளையை இழந்த பெற்றோர் பிணக்கொட்டகையில் அடையாளம் காணப் போனபோது அவர்களோடு கூடப் போய் நின்றார். ஆறுதல் சொல்லுவதோடு தம் கடமை முடிந்துவிட்டது என்று அவர் நினைக்கவில்லை. தொழிற்சாலைகளை ஆராய ஒரு கமிஷன் அமைக்கும் சட்டத்தைச் சபையில் நிறைவேற்ற முன்னின்றார். அக்கமிஷனுக்கு ராபர்ட் வாக்னர் தலைவர், ஸ்மித் உபதலைவர். தீ எரிந்ததைத் தெருவில் நின்று கண்ணால் கண்ட பிரான்செஸ் பெர்க்கின்ஸ் என்னும் பெண்மணி அவர்களுக்குத் துணையாயிருந்தார்.

பெர்க்கின்ஸ் அம்மையார் அந்தக் கனவான்களை நாற்காலியில் உட்கார்ந்து சாட்சியம் கேட்க மட்டும் விடவில்லை. விடியற்காலையில் ஆபர்ன் நகரத்துக் கயிற்று ஆலை வாசலுக்கு ஸ்மித்தை அழைத்துப்போய், இரவு முழுவதும் பத்து மணி நேரம் வேலை செய்து வெளிவரும் பெண்களைக் காணச் செய்தார். காய்கறிகளையும் பழங்களையும் டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைகளில் ஐந்து, ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் பயற்றங்காய் நறுக்குவதையும் பட்டாணி உரிப்பதையும் கமிஷன் அங்கத்தினர்கள் நேரில் கண்டார்கள். தம் தாயாரும் ஒரு காலத்தில் இப்படித்தான் உழைத்தார் என்பதை ஸ்மித் மறந்திருக்க முடியாது.

ஓய்வு நாளும் ஆலை முதலாளிகளும்

அந்தக் கமிஷனின் வேலையால் 1914-க்குள் முப்பதுக்கு மேற்பட்ட சட்டங்கள் பிறந்தன. வேலை நேரத்தில் கதவைப் பூட்டக் கூடாது. தீ ஏற்பட்டால் வெளியேறப் பயிற்சி கொடுக்கவேண்டும். உயரமான கட்டடங்களில் தானே நீர் தெளிக்கும் குழாய்கள் வேண்டும். பெண்களை இரவு வேலைக்கு வைக்கக் கூடாது. பிரசவமான தாயை நான்கு வாரத்துக்கு ஆலையில் வேலை வாங்கக் கூடாது. இன்று நாம் சாதாரணமாய் நினைக்கும் இவற்றில் ஒவ்வொன்றையும் அன்று முதலாளிகள் எதிர்த்தார்கள். தொழில் அழிந்துபோகும், வேறு மாகாணத்துக்கு ஓடிவிடுவோம் என்று பயமுறுத்தினார்கள்.

தொழிலாளிக்கு ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு கொடுக்கவேண்டும் என்ற மசோதா வந்தது. டப்பாத் தொழிற்சாலைக்காரர்கள் தங்களுக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று வாதாடினார்கள். காயும் பழமும் அழுகிப்போகுமாம். அவர்கள் நீளமாய்ப் பேசி முடித்தபின் ஸ்மித் எழுந்தார். ஓய்வு நாளைப் பரிசுத்தமாய் அனுசரிக்கச் சொல்லும் கற்பனையைத் தாம் கவனமாய் வாசித்திருப்பதாகவும், டப்பாத் தொழிற்சாலைகள் நீங்கலாக என்று அதில் எங்கும் எழுதியிருக்கக் காணவில்லை என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான் அவர் பேச்சு. ஒரு நாள் ஓய்வு தரும் சட்டம் 1913-ல் நிறைவேறியது.

அன்பார்ந்த பங்கு மக்களே, இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். மூன்றாம் கற்பனையை நாம் எல்லோரும் சிறு வயதில் மனப்பாடம் செய்தவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனோமா என்பதோடு அதை முடித்துக்கொள்ளுகிறோம். நம் வீட்டில் வேலை செய்பவளுக்கும், நம் கடையில் நிற்கும் பையனுக்கும் அந்த நாள் ஓய்வு நாளாயிருக்கிறதா என்று கேட்பதில்லை. பீடத்தண்டையில் கற்ற கற்பனையைப் பிறனுடைய பிழைப்புக்கும் சேர்த்து வாசித்தவர் ஸ்மித்.

கவர்னர் பதவியில்

1918-ம் ஆண்டுத் தேர்தலில் ஸ்மித் மாகாணக் கவர்னரானார். 1920-ல் தோற்றார். மறுபடியும் 1922, 1924, 1926 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வென்றார். சிதறிக் கிடந்த நூற்றுக்கு மேற்பட்ட இலாகாக்களையும் கமிஷன்களையும் இருபதுக்குள் அடக்கி, சர்க்காரை ஒழுங்குபடுத்தினார். பள்ளிக்கூடங்களுக்கும், ஏழைகளின் குடியிருப்புக்கும், பூங்காக்களுக்கும் பணம் ஒதுக்கினார். உத்தியோகம் கொடுக்கும்போது மதம் பார்க்கவில்லை. அவருடைய முக்கிய ஆலோசகர் ஒரு யூதப் பெண்மணி. 1919-ல் தொழில் கமிஷனில் அவர் நியமித்த பிரான்செஸ் பெர்க்கின்ஸ் பிராட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்தவர்.

1920-ம் ஆண்டில் சோஷலிஸ்டுக் கட்சியைச் சேர்ந்த ஐந்து பேரை, ஜனங்கள் முறைப்படி தேர்ந்தெடுத்தவர்கள் என்றும் பாராமல், சட்டசபை வெளியே தள்ளியது. ஸ்மித் சோஷலிஸ்டு அல்ல. அவர்கள் கொள்கை அவருக்குப் பிடித்ததுமில்லை. ஆனாலும் ஜனங்களின் ஓட்டை மிதிப்பது அநியாயம் என்று பகிரங்கமாய்ச் சொன்னார். ஆசிரியர்களின் மனச்சாட்சியைச் சோதிக்கும் மசோதாக்கள் வந்தபோது கையெழுத்திட மறுத்தார். தம் மதத்துக்கு உரிமை கேட்பவன், தனக்குப் பிடிக்காதவனுடைய உரிமையையும் காக்கவேண்டும் என்பது அவர் நடத்தை கற்பிக்கும் பாடம்.

விசுவாசத்துக்காக வந்த சோதனை

1928-ம் ஆண்டு ஜனநாயகக் கட்சி அவரை அமெரிக்க ஜனாதிபதி பதவிக்கு அபேட்சகராய் நிறுத்தியது. பெரிய கட்சி ஒன்றின் சார்பில் அப்பதவிக்கு நின்ற முதல் கத்தோலிக்கர் அவரே. முந்தின ஆண்டே ஒரு வக்கீல் பத்திரிகையில் கேள்வி எழுப்பியிருந்தார்: பாப்பரசருக்குக் கீழ்ப்படிகிறவன் நாட்டின் சட்டத்துக்கு எப்படி உண்மையாயிருக்க முடியும் என்று. பாப்பரசர்களின் நிருபங்களையெல்லாம் எடுத்துக் காட்டியிருந்தார். ஸ்மித் அந்த நிருபங்களை வாசித்தவரல்லர். சாதாரண விசுவாசியாய் வளர்ந்தவர். சங். டப்பி சுவாமியார் என்னும் பெயர் பெற்ற படைக்குருவின் ஆலோசனையோடும், யூதரான ஒரு நீதிபதியின் உதவியோடும் பதில் எழுதினார். ஒவ்வொருவருக்கும் மனச்சாட்சியின் சுதந்திரம் உண்டென்றும், சட்டத்துக்கு முன் எல்லாச் சபைகளும் சமம் என்றும் தாம் விசுவசிப்பதாகவும், இத்தனை வருஷப் பொதுவாழ்வில் தம் வேதத்துக்கும் உத்தியோகக் கடமைக்கும் முரண்பாடு நேர்ந்ததேயில்லை என்றும் அதில் தெளிவாய் அறிவித்தார்.

ஆனால் வதந்திக்குப் பதில் ஏது? அவர் வென்றால் பாப்பரசர் அமெரிக்காவுக்கே குடிவந்துவிடுவார் என்றார்கள். நியூயார்க்கில் ஆற்றுக்கடியில் புதிதாய்த் திறந்த சுரங்கச் சாலையின் படத்தைக் காட்டி, இது உரோமாபுரிக்குப் போகும் இரகசிய வழி என்று சொல்லவும் துணிந்தார்கள். ஒக்லஹோமாவுக்கு அவர் ரயிலில் போனபோது, கூ கிளக்ஸ் கிளான் என்னும் கூட்டத்தார் வழியோரத்து வயல்களில் சிலுவைகளைக் கொளுத்தி வைத்திருந்தார்கள். நம் மீட்பின் அடையாளத்தைப் பயமுறுத்தும் அடையாளமாக்கினார்கள்.

அந்த ஊரிலேயே, 1928 செப்டம்பர் 20-ந் தேதி, ஸ்மித் மேடையேறி மத விஷயத்தை நேருக்கு நேர் எடுத்துப் பேசினார். தாம் கத்தோலிக்கன் என்பதற்காக ஒருவர் தமக்கு ஓட்டு மறுப்பது தவறு என்றார். அதே மூச்சில், தாம் கத்தோலிக்கன் என்பதற்காக மட்டும் எந்தக் கத்தோலிக்கரும் தமக்கு ஓட்டுப் போடவேண்டாம் என்றும் சொன்னார். இந்த இரண்டாம் வார்த்தையைச் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

தேர்தலில் தோற்றார். சுமார் ஒன்றரைக் கோடிப் பேர் அவருக்கு ஓட்டளித்தார்கள். எதிர்த்து நின்ற ஹெர்பர்ட் ஹூவருக்கு இரண்டு கோடிக்கு மேல் கிடைத்தது. சொந்த மாகாணமான நியூயார்க்கும் கைவிட்டது. நியாயமாய்ச் சொன்னால், மதம் ஒன்றே காரணமல்ல. நாட்டில் பணம் புழங்கிய காலம். ஆளுங்கட்சியை மாற்ற ஜனங்களுக்கு மனமில்லை. மதுவிலக்குச் சட்டத்தை அவர் எதிர்த்ததும், டாமனி ஹாலின் கெட்ட பெயரும் சேர்ந்துகொண்டன. ஆயினும் வேதத்துக்காக அவர் பட்ட அவமானம் சிறிதல்ல. தேர்தலுக்காக அவர் தம் பூசையை ஒளித்துக்கொள்ளவுமில்லை, மறுதலிக்கவுமில்லை.

குறையும் நிறைவும்

பெரியோரின் குறையை மறைத்து எழுதுவது சத்தியத்துக்கு அடுக்காது. தோல்விக்குப் பின் ஸ்மித்தின் மனம் கசந்தது. அவர் தூண்டுதலால் 1928-ல் கவர்னர் பதவிக்கு நின்று வென்ற பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1932-ல் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஸ்மித் தமக்கு வரவேண்டியது பறிபோயிற்று என்று வருந்தினார். செல்வந்தர்களோடு சேர்ந்து ரூஸ்வெல்ட்டின் திட்டங்களைக் கடுமையாய்த் தாக்கினார். 1936-ல் எதிர்க்கட்சியையே ஆதரித்தார். அந்தத் திட்டங்களைச் செய்தவர்கள் யார்? ஸ்மித்தின் கமிஷனில் பழகிய பெர்க்கின்ஸ் அம்மையார் தொழில் மந்திரியாயிருந்தார். ராபர்ட் வாக்னர் செனட் சபையில் தொழிலாளருக்காகச் சட்டம் கொண்டுவந்தார். தாம் நட்ட மரம் பழுத்தபோது, அந்தப் பழம் தமக்குப் புளிக்கிறது என்று ஸ்மித் சொன்னதுபோலாயிற்று. புண்பட்ட மனது நல்லவனையும் எங்கே கொண்டுபோகும் என்பதற்கு இது எச்சரிக்கை.

ஆனாலும் அவருடைய இருதயம் முழுவதும் கசந்துவிடவில்லை. 1933-ம் ஆண்டு மார்ச் மாதம், ஜெர்மனியில் ஹிட்லர் யூதரைத் துன்புறுத்தத் தொடங்கிய உடனே, நியூயார்க்கில் கூடிய கண்டனக் கூட்டத்தில் ஸ்மித் பேசினார். 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைக் கட்டிய கம்பெனிக்குத் தலைவராயிருந்து 1931-ல் அதைத் திறந்து வைத்தார். வீட்டுக்கெதிரே இருந்த மிருகக்காட்சி சாலையின் சாவி ஒன்று அவரிடம் கொடுக்கப்பட்டிருந்தது. இரவில் தனியே போய் மிருகங்களோடு பேசிவிட்டு வருவார். அசிசியார் திருநாளன்று அவர் மரித்தது எத்தனை பொருத்தம்!

1944 மே மாதம் மனைவி காதரின் இறந்தார். ஐந்து மாதத்தில் அவரும் பின்சென்றார். மேற்றிராணியார்களுக்கும் அரிதாய்ச் சில பெரியோருக்கும் மட்டும் அளிக்கும் மரியாதையாக, அவர் உடல் அர்ச். பத்திரிசியார் பிரதான ஆலயத்தில் வைக்கப்பட்டது. ஆயிரமாயிரம் ஜனங்கள் வரிசையாய் நின்று கடைசி வணக்கம் செலுத்தினார்கள். பின்பு கல்வாரிக் கல்லறைத் தோட்டத்தில் மனைவியின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். 1928-ல் மூடிய கதவு, 32 ஆண்டுக்குப் பின் 1960-ல் ஜான் கென்னடி என்னும் கத்தோலிக்கருக்குத் திறந்தது. தட்டித் தட்டிக் கை புண்ணானவர் ஸ்மித்.

நம் குடும்பங்களுக்கு

நம் பிள்ளைகள் எல்லோரும் கவர்னராகப் போவதில்லை. ஆனால் பஞ்சாயத்தும், பள்ளிக்கூடக் கூட்டமும், தொழிற்சங்கமும், ஓட்டுச் சீட்டும் எல்லோருக்கும் உண்டு. கையெழுத்துப் போடுமுன் கடைசி வரி வரை வாசிப்பது, துக்க வீட்டுக்குப் போய்விட்டு வருவதோடு நில்லாமல் அந்தத் துக்கம் மறுபடி நேராதபடி வழி தேடுவது, நம் சபையான் என்பதற்காக மட்டும் ஒருவனுக்கு ஓட்டுப் போடாதிருப்பது: இவை எந்த வீட்டிலும் கற்பிக்கக்கூடிய புண்ணியங்கள்.

இன்றிரவு குடும்ப ஜெபம் முடிந்ததும், மரித்த விசுவாசிகளோடு ஆல்பிரட் ஸ்மித்தின் ஆத்துமத்தையும், பூட்டிய கதவுக்குப் பின்னால் மாண்ட அந்த 146 பேரையும் நினைத்துக்கொள்வோம். நம்மை ஆளுகிறவர்களுக்கு நல்ல மனதும், நாமே பொறுப்பேற்க நேர்ந்தால் நமக்குத் தளராத பிரயாசையும் தரும்படி, உழைப்பாளியாய் வாழ்ந்த அர்ச். சூசையப்பர் வழியாய் ஆண்டவரை மன்றாடுவோம்.